அந்தப் போல்ட் எங்கெங்கே?

உதயகலாவுக்கு நாற்பத்தாறு வயது. அரியாலையில் ஐந்து அறை வீட்டில் ஒருத்தியாக இருக்கிறாள். தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள், தம்பி லண்டனில். ஒருவருக்கு அளவாகச் சோறு வைக்க இன்னும் அவளுக்குக் கைவரவில்லை. தினமும் மிஞ்சுகிறது. இதில் இரக்கப்பட என்ன இருக்கிறது என்று கேட்பாள். நிறையவே இருக்கிறது.

அதே ஊரில் அருளம்பலத்தாரின் பட்டறையில் கணினியில் வரைவது அவள் வேலை. மடக்குக் கட்டில், சில்லுக்கதிரை என்று நடக்கமுடியாதவர்களுக்கு வேண்டிய சாமான்கள் அங்கே செய்கிறார்கள். பக்கத்து மேசையில் ஆறு வருடம் இருந்தவர் பிரகலாதன். அவள் கொண்டுவரும் கத்தரிக்காய்ப் பொரியலில் பாதி அவருக்குத்தான் போகும். அவரும் கேட்டதில்லை, அவளும் கொடுத்ததாகச் சொன்னதில்லை. வாய் சும்மா இருக்காத ஊர்கூட இந்த இரண்டு பேரையும் சேர்த்துக் கதைக்கவில்லை. அவ்வளவு ஒழுங்கான பிறவிகள்!

இரண்டு வருடங்களுக்கு முன் அவர் கனடா போனார். "போய்ச் சேர்ந்தவுடனை போன் எடுக்கிறன்," என்றார். எடுக்கவில்லை. தானாக எடுக்க அவளுடைய ரோசம் விடவில்லை. ஆனால் அவர் ஒருநாள் எடுப்பார், தன்னைச் சுகம் கேட்பார் என்ற நினைப்பையும் அவள் விடவில்லை.

போன கிழமை அருளம்பலத்தார் வந்து, "உந்தக் கட்டில் போல்ட் நீட்டிக்கொண்டு நிக்குது பிள்ளை. மடக்கேக்கை கையைக் கிழிக்குது. கொஞ்சம் கட்டையாக்கிவிடு," என்றார்.

அவளே வரைந்த போல்ட் அது. ஒரு பாகத்தைத் திருத்துமுன் அது வேறு எந்தெந்தச் சாமானில் பூட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்கவேண்டும். மென்பொருளைக் கேட்டால் தேடிச் சொல்லும். சொன்னது: கட்டிலில் மட்டும்.

அவள் நம்பவில்லை. பிரகலாதனிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. அவளுடைய பாகங்களைப் பிரதி எடுத்து, சாமான் கேட்டவரின் ஊர்ப் பெயரை அதற்கு வைத்துவிடுவார். கீரிமலை, வல்வெட்டித்துறை என்று கணினி நிறைய ஊர்கள். கீரிமலையும் அதே போல்ட்தான் என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? பட்டறையில் எல்லாம் ஒரே பெட்டியில் கிடக்கும். கட்டிலுக்கு வெட்டிய கட்டைப் போல்ட் சில்லுக்கதிரைக்குப் போனால், இருக்கிறவர் விழுந்து எலும்பு முறியும்.

ஒவ்வொரு ஊராகத் திறந்து பார்த்திருந்தால் மத்தியானத்துக்குள் வேலை முடிந்திருக்கும். அது அவளுக்கும் தெரியும். ஆனால் ரோசம் கெடாமல் அவரோடு கதைக்க ஒரு காரணம் கிடைத்திருக்கிறது, விடுவாளா? பின்னேரம், அங்கே விடிந்திருக்கும் என்று கணக்குப் பார்த்து, எல்லாரும் போன பிறகு பட்டறைப் போனை எடுத்தாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள், போனில் தெரியப்போகிறதுபோல.

"ஹலோ, பட்டறையிலையிருந்து கதைக்கிறன்." பெயரைச் சொல்லவில்லை. குரல் போதும் என்று நினைத்தாள்.

"ஓ, அரியாலையோ! புதுசா வந்த பிள்ளையோ, தங்கச்சி?"

அவள் வாயில் "ஓம்," என்றுதான் வந்தது. பிறகு போல்ட்டைப் பற்றிக் கேட்டாள்.

"அந்தக் கட்டில் போல்ட்டோ? கீரிமலைச் சில்லுக்கதிரையிலை கிடக்கு. வல்வெட்டித்துறைக்குச் செய்த தள்ளுவண்டியிலை கிடக்கு. வேறை எங்கையும் போடேல்லை. அது ரெண்டுக்கும் பழைய அளவுதான் வேணும், கவனம்." ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். "எதுக்கும் உதயகலாவை ஒருக்காக் கேளுங்கோ. அவ இன்னும் அங்கைதானே?"

"ஓம். இருக்கிறா."

"சுகமா இருக்கிறாவோ?"

இரண்டு வருடமாகக் காத்திருந்த கேள்வி.

"இருக்கிறா," என்றாள்.

"நான் விசாரிச்சனான் எண்டு சொல்லுங்கோ. பஸ் வந்திட்டுது, வைக்கிறன்."

கட்டில் போல்ட்டைக் கட்டையாக்கினாள். மற்ற இரண்டுக்கும் தனிப் பெட்டி வைக்கும்படி எழுதி ஒட்டினாள். கணினியை நிறுத்திவிட்டு, சாப்பாட்டுப் பெட்டியைப் பையில் வைத்தாள். வாசலுக்கு வந்தவள் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சொல்லச் சொன்னால் சொல்லத்தானே வேண்டும்.

"பிரகலாதன் உன்னை விசாரிச்சவர்," என்று ஆளில்லாத பட்டறைக்குள் பார்த்து வாய்விட்டுச் சொன்னாள். பிறகு கதவைப் பூட்டினாள்.