அக்காவுக்கு யார் மேலும் கோபமில்லை

எங்கள் அருமை அக்கா கண்மூடி ஓராண்டு ஆகிவிட்டது. இன்றும் வீட்டில் யாராவது தும்மினால் நான் திரும்பிப் பார்க்கிறேன். தும்மல் வந்தால் அக்கா நின்ற இடத்திலேயே சட்டென்று குந்திவிடுவார். "தும்மலுக்கே கும்பிடு போடுறாங்க" என்று நாங்கள் கேலி செய்வோம். அவரும் கூடச் சிரிப்பார். ஏன் குந்தினார் என்பது அவரது கடைசி வாரத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

ராகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீடுகளின் கடைசிக் காம்பராவில், எங்கள் எல்லோருக்கும் மூத்தவராகப் பிறந்தவர் அக்கா. பள்ளிக்கூடக் கழிவறைக்குக் கதவு கிடையாது. அதனால் தண்ணீர் குடிக்காமலே போய்வரப் பழகிக்கொண்டார். கந்தப்பளைத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு, கொழுந்து எடுக்கப் போனபோதும் அதே பழக்கம்தான். மலையில் ஒதுங்க மறைவு ஏது? மேற்பார்க்க நிற்பவர்கள் எல்லாம் ஆண்கள். காலையில் ஒரு வாய் தேத்தண்ணி. அதோடு கொழுந்து நிறுக்கும்வரை தாகத்தையும் தாங்கி, சிறுநீரையும் அடக்கிக்கொண்டு நிற்பார். எங்கள் பெண்கள் பலரும் அப்படித்தான். அதைப் பொறுமை என்று பாராட்டவும் செய்தோம்.

கடைசிப் பிள்ளையின் பிரசவம் கஷ்டமாகிப் போனது. அதன்பிறகு தும்மினாலும், இருமினாலும், சிரித்தாலும், கூடையைத் தூக்கினாலும் அக்காவுக்குச் சிறுநீர் கசிந்தது. ஒருவரிடமும் சொல்லவில்லை. பழந்துணியை மடித்து வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். பஸ் ஏறுவதை மட்டும் நிறுத்திவிட்டார். வலப்பனையில் சித்தப்பா காலமானபோது வரவில்லை. என் மகள் கல்யாணத்துக்கும், சீரைத் தன் கணவரான எங்கள் மச்சானிடம் கொடுத்தனுப்பியதோடு சரி. "கந்தப்பளைக்காரிக்குத் திமிரு ஏறிப்போச்சு" என்று சொந்தத்துக்குள் பேச்சானது. சித்தப்பா வீட்டார் அக்கா வீட்டு வாசலை மிதிப்பதையே விட்டுவிட்டார்கள்.

சென்ற ஆண்டு அவருக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு மலைக்குப் போனார். மயங்கி விழுந்த பிறகே ஆஸ்பத்திரி. சிறுநீரில் தொற்றிய கிருமி சிறுநீரகத்துக்கு ஏறி, இரத்தத்திலும் கலந்துவிட்டது என்றார்கள்.

"மூத்திரம் எரியலையா? கசியலையா? ஏம்மா முன்னாடியே வரல?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"ரொம்பக் காலமா இருக்குதுங்க. பொம்பளைன்னா இருக்கிறதுதானேங்க? இதப் போயி எப்புடிச் சொல்றது?" என்றார் அக்கா.

"நெறையப் பேருக்கு இருக்குதும்மா. எரிச்சலுக்கு மருந்து இருக்கு. கசியிறதுக்குப் பயிற்சி சொல்லிக் குடுப்போம், செஞ்சா நல்லாக் கொறையும்."

அவர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் அக்கா என் கையைப் பிடித்தார்.

"கொறையுமாமே புள்ள! தெரிஞ்சிருந்தா ஒம் மக கல்யாணத்துக்கு வந்திருப்பேனே. சித்தப்பா மொகத்தக் கடைசியாப் பாத்திருப்பேனே."

"நல்லானதும் எல்லார் வீட்டுக்கும் போவோம்க்கா."

"நா போயிட்டா, நம்ம பொம்பளப் புள்ளைங்களுக்கு இதச் சொல்லிப்புடு. சிரிக்கிறவங்க சிரிக்கட்டும்."

அந்த வாரம் முடியுமுன் போய்விட்டார். சாகிற நோயா இது?

நினைவு மலரில் இதையெல்லாம் எழுதுவதா என்று தம்பி தயங்கினான். அக்கா சொல்லச் சொன்னார், எழுதிவிட்டேன். சித்தப்பா வீட்டாரே, அக்காவுக்கு உங்கள் மேல் கோபமில்லை. யார் மேலும் இருந்ததில்லை. பஸ்ஸில், நாலு பேர் நடுவில், சேலை நனைந்துவிடுமோ என்ற பயம்தான்.

வேன் தந்து உதவிய, நாங்கள் நாநா என்று அழைக்கும் கடைக்கார முஸ்லிம் அண்ணனுக்கும், அக்காவை அருவருப்பில்லாமல் கழுவித் துடைத்த ஆஸ்பத்திரிப் பெண்களுக்கும், பாடை தூக்கிய தோட்டத்து மக்களுக்கும், இன்று ஆண்டு நினைவுக்கு அழைப்பை ஏற்று வந்திருக்கும் சித்தப்பா பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

வந்திருக்கும் பெண்களிடம் ஒன்று கேட்கிறேன். பந்தியில் தண்ணீரை ஒதுக்காதீர்கள். வீட்டுக்குப் பின்னால் மச்சான் புதிதாகக் கழிவறை கட்டியிருக்கிறார். கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறது. வயிறு நிறையக் குடித்து, அடக்காமல் போய்விட்டு வந்து, நிம்மதியாக ஊருக்குப் புறப்படுங்கள். அக்கா ஏறப் பயந்த பஸ்ஸில்தான் நீங்கள் ஏறப்போகிறீர்கள்.