பூ வைக்காத மருமகள்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். எழுமலையிலிருந்து பூக்கூடையோடு மதுரைக்கு வந்து, சொந்தமாகப் பூ மண்டி வைத்தவன். என் மல்லிகைக்கு இந்தச் சந்தையில் ஈடு கிடையாது. யாரையும் கேட்டுப் பாருங்கள். ஆனால் இப்போது எழுத வந்தது என் மருமகள் அன்னக்கொடியைப் பற்றி.

எண்பத்தாறில் அவள் பல்கலைக்கழகத்தில் உயிரித் தொழில்நுட்ப ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். எங்கள் பக்கத்துப் பெண்களில் அந்தப் படிப்புக்குப் போனவள், எனக்குத் தெரிந்து அவள் ஒருத்திதான். தேடிப் பிடித்து என் மகனுக்குக் கட்டி வைத்தவன் நான்.

உளுந்துச் செடியின் வேரில் சின்னச் சின்ன முடிச்சு இருக்கும். அதற்குள் வாழும் கிருமி காற்றிலிருந்தே செடிக்கு உரம் எடுத்துக் கொடுக்குமாம். அந்தக் கிருமியை மட்டும் பிரித்து, கண்ணாடித் தட்டில் கூழ் ஊற்றி வளர்க்க வேண்டும். வேறெதுவும் கூட முளைக்கக் கூடாது.

முளைத்தது. தட்டுக்குத் தட்டு பூஞ்சை. கையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள், கிருமியைத் தொட்டு எடுக்கும் கம்பியைத் தீயில் காட்டினாள், ஒன்றும் பலிக்கவில்லை. சித்திரைத் திருவிழா முடிந்ததும் கமிட்டி கூடும், அதற்குள் சுத்தமான தட்டைக் காட்டாவிட்டால் உதவித்தொகையும் போகும், இடமும் போகும் என்று அவளுக்கு வழிகாட்டிய புரொபசர் அம்மா சொல்லிவிட்டார். அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு சாயங்காலம், மூடி ஒட்டிய தட்டு ஒன்றை வீட்டுக்கே கொண்டுவந்தாள்.

"மாமா, இதப் பாருங்க."

பூஞ்சை பொட்டுப் பொட்டாக ஒரே வரிசையில் வளைந்து வளைந்து போயிருந்தது.

"கோலப் புள்ளி மாதிரில்ல இருக்கு தாயி."

"பூச்சி நடந்துருக்கு மாமா. கால் வச்ச எடமெல்லாம் மொளச்சிருக்கு. அது எங்கிட்டிருந்து வருதுன்னு இன்னைக்குத்தான் கண்டுபிடிச்சேன்."

தலையிலிருந்த பூவை எடுத்து வெள்ளைத் தாளில் தட்டினாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "யாரு கடைப் பூவுல பூச்சிங்கிற?"

"உங்க கடைப் பூவுலதான் மாமா."

நூலை நறுக்கிப் போட்டதுபோல் நாலைந்து பூச்சிகள் ஓடின. மருந்து அடித்த பூவில் இது தங்காது. என் பூ எவ்வளவு சுத்தம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அதை அவளிடமும் சொன்னேன்.

"அது சரி மாமா. ஆனா இனிமே நான் பூ வைக்காமத்தான் போகணும்."

அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரி ராமக்காள் பாய்ந்து வந்தாள். "தாலி கட்டுனவ வெறுந்தலையோட வாசலத் தாண்டுறதா? பூக்காரன் மருமகளுக்குப் பூ இல்லையான்னு ஊரே சிரிக்கும்டி!"

"லீவு நாள்ல ரெண்டு பங்கா வச்சுக்கிறேன் அத்தே."

"சிரிச்சா சிரிக்கட்டும். நீ போ தாயி" என்றேன். என் வீட்டில் நான் சொன்னால் சொன்னதுதான்.

மறுநாளே எதிர்வீட்டுச் சோலையம்மாள் ஆரம்பித்துவிட்டாள். "என்னண்ணே, மண்டியில யாவாரம் படுத்துருச்சா? மருமக மொட்டத் தலையாப் போகுது?"

"கறிக்கடைக்காரன் வீட்டுல மூணு வேளையும் கறியவா திங்கிறான்? அது படிப்புக்காக, நான் சொல்லித்தான் அப்பிடிப் போகுது. இன்னும் என்ன கேக்கணும்?"

என் குரல் தெருமுனை வரைக்கும் கேட்கும். ராமக்காள் காதிலும் விழுந்திருக்கும். அடுத்த நாள் காலையில் மருமகளை உட்கார வைத்து, ஒரு முடி பிசிறில்லாமல் இறுக்கிப் பின்னிவிட்டாள். "இந்தா, இதுல பூச்சி வந்துச்சுன்னா என்னயக் கேளு" என்றாள்.

பூச்சி வரவில்லை. கமிட்டி தட்டைப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு வருஷத்துக்கு உதவித்தொகை எழுதிக் கொடுத்தது. அன்றைக்கு மண்டியில் எல்லாருக்கும் என் செலவில் டீ.

பிறகு ஒருநாள் என்னை அவளுடைய ஆராய்ச்சிக்கூடத்துக்கே கூட்டிப்போனாள். செருப்பைக் கழற்றி, கைகழுவிவிட்டுப் பார்த்தேன். தட்டில் அந்தக் கிருமி, வெள்ளை வெள்ளையாகக் கடுகளவுப் புள்ளிகள்.

"இம்புட்டுத்தானா தாயி?"

"இம்புட்டுக்குத்தான் மாமா" என்று சிரித்தாள்.

மறுநாள் மண்டியில் சொன்னபோது அதைப் புளியங்கொட்டை அளவுக்குச் சொன்னேன்.