லென்ஸுக்குப் போட்ட பட்டை

அன்று கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள். என் மனைவி சரோஜா, துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகள் கவிதா, தரையில் உட்கார்ந்து அலமாரிப் பெட்டி ஒன்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவளுடைய காலேஜ் தோழி நதியா, சோபாவில். நான், வாசலோரம், கால் நகம் வெட்டிக்கொண்டு.

பெட்டியிலிருந்து என் பழைய டிஜிட்டல் கேமரா வந்தது. சிகரெட் பெட்டி அளவு, வெள்ளி நிறம். பிள்ளைகள் இப்போது இதைத்தான் தேடுகிறார்களாம். கையில் இருக்கும் போன் இதைவிட நன்றாகப் படம் எடுக்கும். கேட்டால், “படம் கொஞ்சம் மங்கலா வரும்பா, அதான் அழகு” என்கிறாள் கவிதா. மங்கலாக இருப்பது அழகு என்றால் என் கண்ணுக்கு இரண்டு வருடமாக எல்லாமே அழகுதான்.

சார்ஜ் ஏற்றிப் பொத்தானை அழுத்தினாள். பாதி வெளியே நீட்டியிருந்த லென்ஸ் நகரப் பார்த்தது, நகரவில்லை. ஜிக், ஜிக், ஜிக். பிறகு அணைந்துவிட்டது.

“அலமாக்” என்று பதறினாள் நதியா.

“ஸ்பாயில் ஆயிருச்சாப்பா?” என்றாள் கவிதா.

“ஆமா” என்றேன்.

சரோஜா என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்குக் கதை தெரியும்.

அந்த ஜிக் ஜிக் சத்தத்தில் எனக்கு மகேஸ் ஞாபகம் வந்துவிட்டது. மகேஸ்வரி. தம்போயில் ஒரு மோட்டார் கம்பெனியில் ஒன்றாக வேலை செய்தோம். மோட்டார் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். சுண்டுவிரல் நுனி அளவுதான். காரின் பக்கக் கண்ணாடியைத் திருப்புவது, பொம்மையை ஓட வைப்பது, கேமரா லென்ஸை வெளியே தள்ளுவது, எல்லாம் அந்த மாதிரி மோட்டார்தான். நான் ஸ்டோரில் டிராலி தள்ளினேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவனுக்கு டிராலி நல்ல துணை. கேள்வி கேட்காது.

மகேஸுக்குக் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சின்ன அறை. உள்ளே ஒரு மேசை, சுவர் முழுக்கப் பஞ்சு. நாய்ஸ் ரூம் என்போம். ஒரு மோட்டாரை எடுப்பாள், கரண்ட் முனையைத் தொடுவாள், காதருகே வைப்பாள். ஒரு மூச்சு விடும் நேரம். நல்லதென்றால் பச்சைத் தட்டு, கெட்டதென்றால் சிவப்புத் தட்டு. எட்டு மணி நேரமும் அதுதான் வேலை. வலது காதில் தோடு போட மாட்டாள். உரசுமாம். கோயிலில் பார்த்தாலும் இடது காதில் மட்டும்தான் தோடு தொங்கும். தெரியாதவர்கள் ஒன்று தொலைந்துவிட்டது என்று தரையைத் தேடுவார்கள்.

ஒரு நாள் அவள் அறையைத் தாண்டி டிராலி தள்ளிப் போனேன். கதவு திறந்திருந்தது. அவள் முதுகு எனக்கு. திரும்பாமலே சொன்னாள்.

“அண்ணே, பின்னால, இடது சக்கரம். எண்ணெய் போடுங்க. ரெண்டு நாளா என் மண்டையிலதான் உருளுது.”

குனிந்து பார்த்தேன். பின்னால், இடது சக்கரம்தான்.

இன்னொரு நாள் புது இன்ஜினியர் ஒருவன் சிவப்புத் தட்டோடு வந்து நின்றான். தமிழ்ப் பையன், நன்றாகப் படித்தவன். மெஷின் இதையெல்லாம் ஓகே என்கிறது, நீங்கள் ஏன் ரிஜெக்ட் செய்கிறீர்கள் என்று கேட்டான்.

“மெஷினுக்கு காது இல்ல சார். பிரிச்சுப் பாருங்க.”

பிரித்தார்கள். உள்ளே ஒரு தலைமுடி. முழு முடிகூட இல்லை, கண்ணிமை நீளம். மறுநாளிலிருந்து அந்தத் தம்பி நாய்ஸ் ரூமைக் கடக்கும்போது நடையை மெதுவாக்கிக்கொண்டான்.

அவளுக்குத் தட்டு எடுத்துக் கொடுத்தவள் யந்தி. இந்தோனேசியாக்காரி, ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். பத்து வருடம் இரண்டு பேரும் ஒரே மேசை. அந்த அறைக்குள் பேசக்கூடாது. அதனால் விரலாலேயே பேசிக்கொள்வார்கள். வெளியே வந்ததும் பேசாமல் வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துப் பேசுவார்கள். யந்தியின் தமிழ் முழுவதும் மகேஸிடம் கற்றது. அதில் பாதி வசவு.

பிறகு கம்பெனி வேறு நாட்டுக்குப் போவதாக அறிவிப்பு ஒட்டினார்கள். அதைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றும் இல்லை. போயிற்று.

கம்பெனிக்குள் கேமரா கூடாது. கேமரா வைத்த போனும் கூடாது. அப்படி ஒரு போன் கொண்டுவந்தால் வாசல் கேட்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் எங்களில் பல பேரிடம் பேச மட்டும் தெரிந்த போன்தான் இருந்தது. இத்தனை வருடத்தில் நாங்கள் ஒன்றாக நின்று ஒரு படம் எடுத்ததில்லை. கடைசி நாளுக்குப் பெரிய மேனேஜர் அனுமதி கொடுத்தார். கேட்டுக்கு வெளியே, சாப்பாட்டுக்குப் பிறகு, பத்து நிமிடம். அதன்பின் ஹாஸ்டல் பெண்களை ஏற்றிக்கொண்டு பஸ் நேராகப் பாசிர் கூடாங் படகுத்துறைக்குப் போய்விடும், அவர்கள் ஊருக்குப் படகேற.

“யாரும் ஒண்ணும் கொண்டாராதீங்க. நான் புது கேமரா வாங்கியிருக்கேன்” என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தவன் நான். அதிகம் பேசாதவன் அன்றைக்கு மட்டும் பேசினேன்.

எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் சாமி மேடைக்குப் போய்த்தான் வரும். மோட்டார் சைக்கிள், ரைஸ் குக்கர், கவிதாவின் கால்குலேட்டர் எல்லாவற்றுக்கும் பட்டை உண்டு, பொட்டு உண்டு. கேமராவுக்கும் வாங்கிய அன்றே போட்டேன். கடைசி நாள் காலையில், முக்கியமான நாளாயிற்றே என்று, இன்னொரு தடவை போட்டேன். மூன்று விரலையும் திருநீற்றில் நன்றாக அழுத்தி, மூடிய லென்ஸின் மேல், இடமிருந்து வலம். அழகாகத்தான் இருந்தது.

மதியம் கேட்டுக்கு வெளியே எல்லோரும் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் கம்பெனி கொடுத்த கடிதம். யந்தி நல்ல பாஜு குரோங் உடை போட்டு, உதட்டுக்குச் சாயம் பூசி, மகேஸின் கையைப் பிடித்திருந்தாள். நான் பொத்தானை அழுத்தினேன்.

ஜிக், ஜிக், ஜிக். பாதியில் நின்றது.

மறுபடி அழுத்தினேன். மறுபடியும் அதேதான். பேட்டரியைக் கழற்றிப் போட்டேன். அதேதான். பஸ் டிரைவர் ஹாரன் அடித்தார்.

“அண்ணே, என்னாச்சு?” என்றாள் யந்தி.

லென்ஸைப் பிடித்து இழுக்கப் போனேன்.

“கை எடுங்க!” மகேஸின் குரல். “இழுத்தீங்கன்னா உள்ள பல்சக்கரத்துப் பல்லு உடைஞ்சிரும். குடுங்க இப்படி.”

வாங்கி வலது காதில் வைத்தாள். “எல்லாரும் வாய மூடுங்க” என்றாள். அத்தனை பேரும் மூடினோம். பஸ் டிரைவரைப் பார்த்து இஞ்சினை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினாள். அவரும் நிறுத்திவிட்டார். ஏன் நிறுத்தினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. பொத்தானை அழுத்தினாள். ஜிக், ஜிக், ஜிக். கண்ணை மூடியிருந்தாள்.

“மோட்டார் சாகல. பல்லும் நல்லாருக்கு. தள்ளுது, ஆனா வழியில என்னமோ கெடக்கு. மணல் மாதிரி இல்ல. மாவு மாதிரி.”

தன் கடிதத்தை எடுத்து ஓரத்தில் நீளமாக ஒரு நாடா கிழித்தாள். பக்கத்தில் இருந்த லைன் லீடர் அதிர்ந்து போனார்.

“ஏய், அது முக்கியமான லெட்டர்லா!”

“எழுத்து இல்லாத பக்கந்தான் கிழிச்சேன்.”

அந்தத் தாளை லென்ஸ் குழாயின் இடுக்கில் விட்டுச் சுற்றிலும் மெதுவாக இழுத்தாள். வெளியே வந்த தாளின் நுனி வெள்ளையாக இருந்தது. மோந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“அண்ணே. இதுக்குப் பட்டை போட்டீங்களா?”

தலையாட்டினேன்.

“எத்தன தடவ?”

இரண்டு விரல் காட்டினேன்.

அவ்வளவுதான். சிரித்தவர்களுக்குச் சிரிப்பை நிறுத்தத் தெரியவில்லை. “லென்ஸுக்கு மொட்டை போடாம விட்டாரே” என்று ஒருவன். யந்தி மலாய்ப் பெண்களுக்கு விளக்கிச் சொல்ல, அவர்கள் தனியாக ஒரு தடவை சிரித்தார்கள். மகேஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு வேலை இருந்தது.

கேட்டில் காவல் நிற்கும் ஜாகா, பாக் மாட், சைக்கிளில் வருகிறவர். அவருடைய காற்றடிக்கும் பம்பைக் கேட்டு வாங்கினாள். கேமராவைக் குப்புறப் பிடித்து, பம்பின் குழாய் நுனியை விரலால் பாதி மூடிக்கொண்டு, காற்று கொஞ்சமாகப் போகும்படி அடிக்கச் சொன்னாள். நான் அடித்தேன். புஸ் என்று வெள்ளைப் புகை வந்தது. மறுபடி தாள். மறுபடி காற்று. நகத்தால் பக்கத்தில் இரண்டு தட்டு. பஸ் டிரைவர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். யந்தியின் உதட்டுச் சாயம் அதற்குள் பாதி போயிருந்தது. கடித்துக்கொண்டே இருந்தாள்.

மகேஸ் கேமராவைத் தரையைப் பார்க்கப் பிடித்துப் பொத்தானை அழுத்தினாள். ஜிக். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு லென்ஸ் மெதுவாக, கிழவர் நாற்காலியை விட்டு எழுவது போல், முழுவதும் வெளியே வந்தது.

யாரோ கை தட்டினார்கள்.

“கத்தாதீங்க. இது மூடிச்சுன்னா திரும்பத் திறக்கும்னு நான் சொல்ல மாட்டேன். சும்மா வச்சிருந்தா தானே மூடிக்கும். யாராச்சும் படம் எடுக்கிற பொத்தான அரைவாசி அமுக்கிக்கிட்டே இருங்க.”

பேட்டரியில் ஒரு கோடுதான் மிச்சம். கேமரா கை மாறிக் கை மாறிப் போனது. பிறந்த குழந்தையை வாங்குவது போல் வாங்கிப் பொத்தானை அரைவாசி அழுத்திக்கொண்டு நின்றார்கள். யார் படம் எடுப்பது என்று ஒரு நிமிடம் போனது. நல்ல கை அவளுடையதுதான், அவளே எடுக்கட்டும் என்று நான் சொன்னேன்.

“ஏன்ண்ணே, நான் படத்துல இருக்க வேணாமா? பாக் மாட் எடுக்கட்டும். நான்தான் நடுவுல நிப்பேன்.”

நடுவில்தான் நின்றாள். இடுப்பில் கை வைத்து, ஒற்றைத் தோட்டோடு. முதல் படம் எல்லோரும். பிறகு அவளும் யந்தியும் மட்டும். பிறகு லைன் லைனாக. கடைசியாக யந்தி பஸ் படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். பாக் மாட் அழுத்தினார். திரை கறுத்துவிட்டது. பேட்டரி முடிந்தது. லென்ஸ் வெளியே நீட்டியபடியே நின்றுவிட்டது.

யந்தி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். “அண்ணே! சாமி கும்பிட்டாச்சா?” என்று கத்தினாள். பஸ் போய்விட்டது.

அன்று மாலை வீட்டில் சார்ஜ் செய்து போட்டேன். லென்ஸ் பாதி உள்ளே போய் நின்றது. பழுது பார்க்கக் கடைக்குக் கொடுக்கவில்லை. மகேஸ் தொட்டதை இன்னொருவர் தொடுவதில் எனக்கு மனமில்லை. அவள் சிங்கப்பூர் பக்கம் வேலைக்குப் போனாள் என்று கேள்வி. அவளுடைய நம்பர் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. ஒரு தடவை அடித்துப் பார்த்தேன். ஒரு சீன ஆள் எடுத்தார், மரியாதையாகத்தான் பேசினார்.

கம்பெனி இருந்த இடத்தில் இப்போது பார்சல் கிடங்கு. ஸ்டோர் இருந்த பக்கம் லாரி நிற்கிறது. நாய்ஸ் ரூமை அன்றைக்கே பிரித்துவிட்டார்கள், பஞ்சுகூட மிச்சமில்லை. படம் கழுவித் தந்த கடையில் இப்போது போன் உறை விற்கிறார்கள். யந்தி கொடுத்த விலாசத்துக்கு ஒரு கட்டு அனுப்பினேன், பதில் இல்லை. எங்கள் வீட்டு ஆல்பத்தில் ஒரு கட்டு இருக்கிறது. கவிதாவும் நதியாவும் அன்று அதை எடுத்துப் பார்த்தார்கள்.

“எத்தன படம்பா?” என்றாள் கவிதா.

எண்ணத் தேவையில்லை எனக்கு.

ஒன்பது.