முதுகு காட்டிக் கேட்பவள்

யாராவது பேச வாயெடுத்தால் பாலம்மாள் சட்டென்று திரும்பி முதுகைக் காட்டி நின்றுகொள்கிறாள். காய்க்காரர், வாடகை கேட்கும் வீட்டுக்காரர், எல்லாருக்கும் இதே மரியாதைதான். "என்ன திமிரு பாத்தியளா" என்கிறது தெரு. அதில் பாதி அவளுக்குக் கேட்கிறது. கேட்ட பாதிக்கு உடனே பதில்: "திமிருன்னது வெளங்கிட்டு. மிச்சத்தையும் தெளிவாச் சொல்லுங்க."

வயது நாற்பத்தெட்டு. சங்கரன்கோவிலில் இருபத்து நான்கு வருடமாக விசைத்தறி ஓட்டுகிறாள். தறி இரைச்சலில் யாரும் காதால் பேச்சுக் கேட்பதில்லை. எதிரே அசையும் உதட்டைப் பார்த்தே வம்பும் சிரிப்பும் நடக்கும். அதனால் இரண்டு காதும் அடங்கிப்போனது அவளுக்கே வெகுகாலம் தெரியவில்லை. கரண்ட் போன ஒரு சாயங்காலம், மகள் அனு இருட்டில் கூப்பிட்டது எட்டாதபோதுதான் தெரிந்தது.

போன வருடம் மதுரையில் காதுக்குள் கருவி வைத்தார்கள். அறுவையின்போது, அவள் சம்மதத்தோடு, உட்காது நீரில் ஒரு துளி எடுத்து ஆராய்ச்சிக்கு அனுப்பினார்கள். மூன்று மாதம் கழித்துச் சோதனை. இருபது சொல்லில் பத்தொன்பது சரி. சோதித்த பெண் தாளால் வாயை மறைத்தாள், நான்குதான் தேறியது. "நா ஏமாத்தலம்மா. எங்கண்ணு முந்திக்கிட்டு கேட்டுருக்கு."

டாக்டர் அந்தத் துளியின் சேதியைச் சொன்னார். அழற்சியைக் காட்டும் சில புரதங்கள் அதில் அதிகம். அப்படி இருந்தவர்களில் பலருக்குச் சத்தம் கேட்டும் சொல் பிரிபடவில்லை. ஆராய்ச்சி முடியவில்லை, உறுதி கிடையாது.

"ஒரு சொட்டுத் தண்ணிய வச்சு எங்காதுக்கு சாதகம் எழுதுதாவ! அனுவ புளியங்குடியில கட்டிக் குடுத்துருக்கு. அவ போன்ல பேசுதத நா கேக்கணும்."

துணைக்குப் போயிருந்த பக்கத்து வீட்டுக்காரி நான், வீடியோ காலில் பேசலாமே என்றேன்.

"இருட்டுல கூப்பிட்டா?"

அன்று தொடங்கியதுதான் இந்த முதுகு. தறிக்கூடத்தில், காதுக்குப் பின்னால் தலையில் ஒட்டும் வெளிக்கருவியைக் கழற்றி டிபன் டப்பாவில் வைக்கிறாள். வெளியே வந்து தலையில் வைத்ததும் அதன் காந்தம் ஒட்டிக்கொள்கிறது. சில நாள் சேலை ஊக்கும் சேர்ந்து ஒட்டுகிறது. பஸ் ஸ்டாண்டில் கண்ணை மூடி, கண்டக்டர் கூவுவது எந்த ஊர் என்று சொல்லிவிட்டுத்தான் போர்டைப் பார்க்கிறாள். ஒருநாள் சிவகிரியைத் திருவேங்கடம் என்றாள். "நாளைக்கும் வருவாம்லா, பாத்துக்கிடுதேன்."

நேற்று என் வாசலில் வந்து முதுகைக் காட்டி நின்றாள். "டீச்சர், தெரிஞ்ச பேரெல்லாம் பாடமாயிட்டு. நா அறியாத பேரு ஒண்ணு சொல்லுங்க."

போன மாதம் அடக்கம் செய்த என் தங்கையின் பெயரைச் சொன்னேன். அடக்கத்துக்குப் பின் அதுவரை அதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"முன்னெழுத்து வரல. இன்னொருக்கா." ஒரு விரலை உயர்த்தினாள்.

சொன்னேன். மறுபடியும் விரல். மூன்றாம் முறை, "ஹெலன்" என்றாள், பிசிறில்லாமல்.

சரிதானா என்று திரும்பினாள். உதடு படித்தே பழகிய கண்கள் என் முகத்தில் சற்று நின்றன. முதுகைக் காட்டித் திரும்பி நின்று, மீண்டும் அந்த ஒரு விரலை உயர்த்தினாள்.