நான்கு வரிக்கு எழுந்த கைதட்டல்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்பாவுக்கு மத்திய அரசு வேலையில் மாற்றலாகி நாங்கள் கல்கத்தாவுக்கு வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. பவானிபூரில் வீடு. வந்த வாரமே தெருமுனை மளிகைக் கடையில், அரைகுறை வங்காளத்தில் பருப்பு கேட்டேன். கடைக்காரர் பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டு, "ஆபார் போலோ" என்றார். மறுபடியும் சொல்ல வேண்டுமாம். சொன்னேன். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அழுதுகொண்டே வெறுங்கையோடு வந்த என்னை அம்மா வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். "சிரிச்சா சிரிச்சிட்டுப் போறான். ராத்திரி குழம்புக்குப் பருப்பு வேணுமா வேண்டாமா?"

எனக்கு வங்காளம் வந்தது இப்படித்தான். ஆர்வம் இருக்கிறதா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. பள்ளியில் சிரித்தார்கள், பஸ்ஸில் சிரித்தார்கள், அவர்கள் சிரித்து ஓய்வதற்குள் நான் பேசக் கற்றுக்கொண்டுவிட்டேன். அதற்காக ஒருவரும் முதுகில் தட்டிக் கொடுக்கவில்லை. பிழைக்க வந்தவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியதுதானே என்பதுபோல இருந்தார்கள்.

பல வருடங்கள் கழித்து, கல்கத்தாவை ஒட்டிய நியூ டவுனில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்தேன். இங்கிலாந்திலிருந்து ஒருவர் எங்கள் பிரிவுக்கு மேலாளராக வந்தார். வந்த வேகத்தில் வங்காளம் படிக்க வேண்டும் என்றார். ஆபீஸ் நிறைய வங்காளிகள் இருக்க, வேலை என் தலையில் விழுந்தது. வெளியாள் எப்படிக் கற்றுக்கொள்வான் என்பது எனக்குத்தான் தெரியுமாம். செவ்வாயும் வியாழனும், மூன்றாம் மாடியில் இருந்த சின்ன மீட்டிங் ரூமில் பாடம்.

முதலில் அவர் ஒழுங்காகத்தான் படித்தார். கேண்டீனில் போய் வங்காளத்தில் டீ கேட்பார். சர்க்கரை போடலாமா சார் என்று கவுண்டரில் இருந்தவர் ஆங்கிலத்தில் கேட்பார். லிஃப்டில் எங்கள் ஆட்களை வங்காளத்தில் நலம் விசாரிப்பார். அவர்களும் ஆங்கிலத்தில் நன்றி சொல்வார்கள். அவரைப் பார்த்ததும் எல்லாருக்கும் தங்கள் ஆங்கிலத்தைக் காட்டிக்கொள்ளத் தோன்றிவிடும். வயிறு நிறைந்தவரை எத்தனை நாள் பந்தியில் உட்காரவைக்க முடியும்? தாமதமாக வர ஆரம்பித்தார். பிறகு பாடத்தின் நடுவே போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துர்கா பூஜை முடிந்து, ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக்கொள்ளும் விஜயா கூட்டம் ஆபீஸில் நடந்தது. மேடையில் பேச வங்காளத்தில் நான்கு வரி கேட்டார். ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அன்று பருப்பு கேட்ட நான்கூட அத்தனை தப்பாகச் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. பக்கத்தில் இருந்த அக்கவுண்ட்ஸ் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை.

அடுத்த வாரம் பாடத்துக்கு அவர் வரவில்லை. கேட்டதற்கு, இங்கே எல்லாரும்தான் இவ்வளவு நன்றாக ஆங்கிலம் பேசுகிறீர்களே, எனக்கு எதற்கு என்று சிரித்தார்.

சில மாதங்களில் எங்கள் டீமுக்கு லீடர் தேவைப்பட்டது. இங்கிலாந்து வாடிக்கையாளர்களோடு போனில் பேசும் பொறுப்பு. அதை மனதில் வைத்துத்தான் இரண்டு வருடமாக அடுத்தவர் வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்துகொண்டிருந்தேன். எனக்குத்தான் என்று ஆபீஸில் எல்லாரும் நினைத்தார்கள். அவர் என்னைக் கூப்பிட்டு, வேலையில் ஒரு குறையும் இல்லை என்றார்.

"உங்கள் உச்சரிப்புதான் அங்கே இருப்பவர்களுக்குச் சிரமமாக இருக்கும். அவர்களை எதற்குக் கஷ்டப்படுத்த வேண்டும்?"

இத்தனை மாதமும் நான் ஆங்கிலத்தில்தான் அவருக்குப் பாடம் சொன்னேன். ஒரு தடவைகூட, புரியவில்லை, திருப்பிச் சொல்லுங்கள் என்று அவர் கேட்டதில்லை. பதவி வேறொருவருக்குப் போனது. எனக்கு உச்சரிப்புப் பயிற்சி என்று முடிவானது. செவ்வாயும் வியாழனும், அதே மூன்றாம் மாடி ரூமில். அவர் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்து, இங்கிலாந்தைக் கண்ணால் பார்த்திராத உள்ளூர் டாலிகஞ்ச் இளைஞர் ஒருவர் சொல்லச் சொல்ல, தண்ணீருக்கான ஆங்கிலச் சொல்லை நாக்கை மடித்து மடித்துச் சொன்னேன்.

மறு வருடம் பூஜை வந்தது. மறுபடியும் நான்கு வரி கேட்டு என் மேஜைக்கு வந்தார். போன வருடம் எழுதிக் கொடுத்ததையே, ஓர் எழுத்தும் மாற்றாமல், புதுத் தாளில் எழுதிக் கொடுத்தேன். அவருக்குத் தெரியவில்லை. மேடையில் முதல்முறை பார்ப்பதுபோலத் தடுமாறித் தடுமாறி வாசித்தார். வங்காளிகள் நிறைந்த அந்த அரங்கத்திலும் ஒருவருக்குக்கூடத் தெரியவில்லை. போன வருடத்தைவிட அதிக நேரம் நின்று கைதட்டினார்கள்.

நானும் எழுந்து நின்று தட்டினேன். உட்கார்ந்திருந்தால் அதற்கும் எனக்கு ஒரு பயிற்சி வைத்திருப்பார்கள்.