சகலன் கண்ட ஒழுக்கு

எழுபதுகளின் நடுவில் என்னிடம் ஒரு பழைய லொறி இருந்தது. புளியங்கூடலில் வெங்காயமும் புகையிலையும் ஏற்றிக்கொண்டு, பண்ணைப் பாலம் தாண்டிப் பட்டணம் போவேன். ஒரு கோடையில் அதன் ரேடியேற்றரில் தண்ணீர் நிற்காமல் போனது. விடிய நிரப்பிக்கொண்டு வெளிக்கிட்டால், அல்லைப்பிட்டிக்குக் கிட்டப் போகும்போதே ஆவி கிளம்பும். ரப்பர் குழாய்களை மாற்றினேன். ரேடியேற்றரைக் கழற்றிப் பட்டணத்தில் ஈயம் வைத்து ஒட்டுவித்தேன். நிலத்தில் ஒரு சொட்டும் விழவில்லை. தண்ணீர் மட்டும் குறைந்துகொண்டே இருந்தது.

அந்த நாட்களில்தான் என் மனைவியின் தங்கையும் அவள் புருஷனும் தென்பகுதியில் வைத்திருந்த கடையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தார்கள். சகலன் என்னிலும் எட்டு வயது இளையவர், அதிகம் பேசாதவர். வந்த ஒரு மாதத்துக்குள் எங்கள் வீட்டு அடுப்பும் சுவர்மணிக்கூடும் அவர் கையால் திருந்திவிட்டன. ஒவ்வொன்றையும் மனைவி இரண்டு தரம் எனக்குச் சொன்னாள்.

"தம்பியைக் கூப்பிட்டு லொறியைக் காட்டினால் என்ன?" என்றாள். சகலனை அவள் 'தம்பி' என்றுதான் சொல்வாள்.

"கடையில நிண்ட ஆளுக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும்?" என்றேன்.

நான் குளித்துவிட்டு வர, சகலன் முற்றத்தில் நின்றார். அவள் ஆள் அனுப்பியிருக்கிறாள்.

"எஞ்சின் ஆறட்டும் அண்ணை," என்று கதிரையில் இருந்துகொண்டார். ஒரு மணித்தியாலம் சென்றபின் ரேடியேற்றரை விளிம்பு வரை நிரப்பினார். மூடிக்குக் கீழே பழைய ரியூப் துண்டொன்றை வெட்டி வைத்து இறுக்கினார். மிஞ்சின தண்ணீர் வழிந்து போகிற சின்னக் குழாயில் சைக்கிள் பம்பைக் கட்டி, மெல்லக் காற்றடிக்கச் சொன்னார். உள்ளே அழுத்தம் ஏறினால் ஒழுக்கு வெளியே தெரியும் என்றார். என் லொறிக்கு முன்னால் நான் பம்படித்துக்கொண்டு நின்றேன். அவர் ரோச் லைற்றோடு கீழே படுத்துப் பார்த்தார்.

"இஞ்ச வாங்கோ அண்ணை."

எஞ்சினின் பின்பக்கம், புகைக்குழாய்க்கு மறைவில், உள்ளே ஓடும் தண்ணீரை அடைக்க இரும்பில் பதித்திருந்த வட்டத் தகடொன்று வியர்த்துக்கொண்டிருந்தது. எஞ்சின் சூட்டில் அந்த ஈரம் உடனே ஆவியாகிவிடும். நிலத்தில் நான் சொட்டுத் தேடினதற்கு அர்த்தமே இல்லை. மூன்று மாதம் நான் தேடினதை அவர் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். எனக்கு நெஞ்சு எரிந்தது.

அவர் தண்ணீரை வடித்துவிட்டுத் தகட்டைத் தட்டிக் கழற்றினார். அது துருவேறி அப்பளம் போல நொறுங்கியது. விரலால் துருவைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உவர்த் தண்ணி விட்டனீங்களோ அண்ணை?"

மனைவி தேத்தண்ணியோடு பக்கத்தில் நின்றாள். லொறிக்கு நல்ல தண்ணீர் ஊருக்கு வெளியே உள்ள கிணற்றில் அள்ளிவர வேண்டும். அது என் வேலை. விடிய எழும்ப அலுப்புப்பட்டு, இரண்டு வருடமாக வீட்டு வளவுக் கிணற்று உவர்த் தண்ணீரைத்தான் ஊற்றிவந்தேன். வீட்டில் சொன்னது வேறு.

"இல்லை," என்றேன்.

அவர் என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு மனைவியிடம், "பழைய லொறி அக்கா. உந்தத் தகடுகள் தேஞ்சு போறதுதான்," என்றார்.

என்னைக் காப்பாற்றியதைத்தான் என்னால் பொறுக்க ஏலாமல் இருந்தது. கெட்டித்தனத்தோடு பெருந்தன்மையும் அவரிடமே இருக்க வேண்டுமா என்று நினைத்தேன்.

அடுத்த நாள் பட்டணத்தில் வாங்கிவந்த புதுத் தகட்டை, விளிம்பில் பெயின்ற் பூசி அடித்து இறுக்கினார். அதன்பிறகு ஒவ்வொரு காலையும் மூடியைத் திறந்து, தண்ணீர் குறைந்திருக்க வேண்டும் என்றுதான் பார்த்தேன். நாலாம் நாள் குறைந்திருந்தது. நல்ல செய்தி கொண்டுபோகிறவனைப் போல அவர் வீட்டுக்கு விரைந்தேன்.

"உம்மட வேலை நிக்கேல்லை தம்பி. ஒழுகுது."

அவர் சாப்பாட்டை விட்டு எழும்பி வந்து லொறிக்குக் கீழே படுத்தார். தகடு காய்ந்திருந்தது. ரேடியேற்றரின் மேல் ரப்பர்க் குழாயின் கிளிப்தான் தளர்ந்திருந்தது. அது நான் பூட்டிய கிளிப். அவர் திருகாணிச் சாவியை என்னிடம் நீட்டினார். நானே இறுக்கினேன்.

அன்று மத்தியானம் உவர்த் தண்ணீர்க் கதையை மனைவிக்குச் சொன்னேன். "எனக்கு விளங்கினது. தம்பி நாக்கில வைச்சுப் பாத்தவரெல்லோ," என்றாள். அந்த நேரத்திலும் 'தம்பி' என்ற சொல்தான் எனக்குக் குத்தியது.

லொறி பிறகு பல வருடம் ஓடியது. சூடேறவில்லை. பட்டணத்தில் ஒரு சாரதி, ஆர் பார்த்தது என்று கேட்டபோது, "என்ர சகலன்," என்று பெருமையாகவே சொன்னேன். அதைக் கேள்விப்பட்டு, அடுத்த கிழமை இறுப்பிட்டியில் ஒருவருடைய உழவு இயந்திரத்தைத் திருத்த அவரை வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். வழியில் கண்டேன். இன்னொரு உழவு இயந்திரத்தின் பின்பெட்டியில் ஏறி இருந்தார், கைகாட்டினார். என்னைக் கேளாமல் கூட்டிக்கொண்டு போகிறார்களே என்று அதற்கும் எனக்கு எரிந்தது.