கப்பல் குளியலறையில் ஒரு வெள்ளிக்கிழமை

எனக்கு எழுபத்து நான்கு வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்தேன். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது; எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனாலும் எங்கள் ஊர் குண்டடத்து உறவில் இந்த வயதில் கப்பல் ஏறியவள் நான் ஒருத்திதான்.

வியாழன் மதியம் சென்னைத் துறைமுகத்தில் ஏறினோம். திருகோணமலை போய்த் திரும்பும் கப்பல். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் சின்ன மகன், தனக்கும் மருமகளுக்கும் பேத்திக்கும் பெரிய அறையும் எனக்குத் தனி அறையும் எடுத்திருந்தான். அவர்கள் அறை இரண்டு மாடி மேலே.

போகாதவர்களுக்குச் சொல்கிறேன். படுக்கை, சன்னல் எல்லாம் நேர்த்தி. குளியலறைதான் சிறிது. அகலம் இரண்டு முழம் இருக்கும். கையை மடக்கினால் முழங்கை சுவரில் இடிக்கும். வாளியும் கிடையாது, சொம்பும் கிடையாது. தலைக்கு மேல் ஷவர், சுற்றிலும் ஒரு திரை. உட்கார்ந்து குளிக்கும் தொட்டி பெரிய அறைகளில் மட்டும்தானாம்.

வெள்ளி காலை எட்டு மணி. நான் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாள். அறையில் இருந்த போன் அடித்தது, மருமகள்.

“அத்தை, எங்க ரூம்ல தொட்டி இருக்குதுங்க. வாங்க, நான் எண்ணெய் வெச்சு உடறேன்.”

“நின்ன தண்ணியில ஊறிக் கெடக்கறதுக்கு நான் என்ன எருமையா? போ கண்ணு, உன்ற வேலையைப் பாரு.”

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள். இன்னொரு தரம் கூப்பிடுவாள் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிடவில்லை.

நானே தேய்த்துக்கொண்டேன். முதுகுக்குக் கை எட்டவில்லை. கப்பல் ஆடியபோது எண்ணெய்க் கால் வழுக்கியது. சுவர் ஒட்டியே இருந்ததால் விழவில்லை. சின்ன அறையில் அப்படி ஒரு நன்மை உண்டு. கொண்டுபோன சீயக்காய்த் தூளைத் தலைக்குப் போட்டு அலசினேன். தூள் போய்த் தண்ணீர் இறங்கும் சல்லடையை அடைத்துக்கொண்டது. தண்ணீர் படியைத் தாண்டி, அறை விரிப்பெல்லாம் நனைந்துவிட்டது.

அறை சுத்தம் செய்யும் பெண் வந்தாள், தூத்துக்குடிக்காரி.

“என்னம்மா, சாம்பாரைக் கவுத்திட்டியளோ?”

“சீயக்காய், அம்மிணி.”

“கூட ஆள் வரலியா?”

“வந்திருக்கறாங்க. மேல இருக்கறாங்க.”

“கூப்பிடட்டா?”

“வேண்டாங்க.”

அவள் துண்டை எடுத்து என் முதுகை அழுத்தித் துடைத்துவிட்டாள். மருமகளிடம் வேண்டாம் என்றதை முன்பின் தெரியாதவளிடம் வாங்கிக்கொண்டு நின்றேன்.

சின்ன மகனோடு நான் இருக்கும் வீட்டுக் குளியலறையில் இரண்டு கட்டில் போடலாம். ஊர் வந்து, அடுத்த வெள்ளிக்கிழமை வாளி நிறையத் தண்ணீர் பிடித்துவைத்து உட்கார்ந்தேன். இங்கேயும் முதுகுக்குக் கை எட்டவில்லை.

கண்ணு, எழுதினது சரியா இருக்குதான்னு ஒருக்காப் படிச்சுக் காட்டு. உங்கம்மா அடுப்படியில இருக்கறா. அவளுக்குக் கேக்கற மாதிரி படி.